மாத்திரை போட்டாச்சு... ஆனால் மருந்து உடம்பில் சேர்ந்ததா? ‘சாப்பாட்டுக்கு முன்’, ‘சாப்பாட்டுக்குப் பின்’ ஏன் முக்கியம்?

ராமநாதபுரம் மாவட்டம் ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் விவசாய வேலைக்குப் போகிறவர்களுக்கு நாள் சீக்கிரமே தொடங்கிவிடும். நெல் வயலோ, மிளகாய்த் தோட்டமோ, காலையில் ஒரு டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினால் சாப்பாடு பத்து மணிக்கு மேல்தான். அப்படி ஒருவரிடம் ‘1-0-1, சாப்பாட்டுக்கு முன்’ என்று எழுதிய மருந்துச் சீட்டைக் கொடுத்தால், காலை மாத்திரையை அவர் எப்போது போடுவார்? டீ குடித்த கையோடு ஆறு மணிக்கா? வேலைக்கு நடுவே தூக்குவாளியைத் திறக்கும் முன்பு பத்து மணிக்கா?

“எப்பப் போட்டா என்ன, உள்ள போனா சரி” என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் கேட்கும் பதில். சில மருந்துகளுக்கு இந்தப் பதில் சரிதான். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அம்லோடிபின் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் போட்டாலும் பின் போட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் எல்லா மருந்தும் அப்படி இல்லை. சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இதை நேரடியாக அளந்து பார்த்தது. காசநோயாளிகளுக்கு ஒரு நாள் வெறும் வயிற்றிலும், இன்னொரு நாள் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகும் அதே மாத்திரைகளைக் கொடுத்து, ரத்தத்தில் எவ்வளவு மருந்து சேர்ந்தது என்று சோதித்தார்கள். சாப்பிட்ட பிறகு போட்டபோது, முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினின் உச்ச அளவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. 2017-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் இந்த முடிவு வெளியானது.

ஆளும் மாறவில்லை, மாத்திரையும் மாறவில்லை. மாறியது வயிற்றில் இருந்த சாப்பாடு மட்டும்தான். அது எப்படி மருந்தைப் பாதியாக்கும்? இதைப் புரிந்துகொள்ள, மாத்திரை வாயிலிருந்து ரத்தத்துக்குப் போகும் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முழுங்கியது வேறு, சேர்ந்தது வேறு

ஆர்.எஸ்.மங்கலத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல வெளியூர் உதாரணம் தேவையில்லை. 48 மடை கொண்டது என்று ஊரே பெருமையாகச் சொல்லும் பெரிய கண்மாய் அங்கே இருக்கிறது. கண்மாய் நிறைந்துவிட்டது என்பதற்காகக் கடைசி வயலுக்குத் தண்ணீர் வந்துவிட்டதாக யாரும் சொல்ல மாட்டார்கள். மடை திறக்க வேண்டும். கால்வாயில் அடைப்பு இருக்கக் கூடாது. வழியில் கசிந்தது போக, வயலுக்கு வந்து சேர்கிற தண்ணீரைத்தான் பயிருக்குக் கணக்கு வைக்க முடியும்.

வயிறும் அப்படித்தான். அட்டையில் ‘500 மி.கி.’ என்று அச்சிட்டிருப்பது கண்மாய்க்குள் போன அளவு. அதில் எவ்வளவு ரத்தத்துக்கு வந்தது என்பது வேறு கணக்கு. நரம்பில் நேரடியாக ஏற்றும் மருந்து முழுவதும் ரத்தத்தில்தான் இருக்கும். வாய் வழியாகப் போவதில் சில மருந்துகள் ஏறக்குறைய முழுமையாக வந்து சேரும். சிலவற்றில் கால்வாசி வந்தாலே பெரிது. மருந்தைத் தயாரிக்கும்போதே இந்த இழப்பைக் கணக்கில் வைத்துத்தான் எத்தனை மி.கி. என்று தீர்மானிக்கிறார்கள். அந்தக் கணக்கில் இல்லாத ஒன்று குறுக்கே வந்தால் பிரச்சினை தொடங்குகிறது.

மாத்திரை எங்கே கரைகிறது?

முதல் வேலை, மாத்திரை உடைந்து கரைய வேண்டும். கரையாத மருந்து குடலின் சுவரைத் தாண்டாது. மாத்திரையோடு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொல்வது இதற்காகவும்தான். அவசரத்தில் ஒரு வாய் தண்ணீரில் முழுங்கிவிட்டு உடனே படுத்தால், மாத்திரை உணவுக்குழாயிலேயே ஒட்டிக்கொள்ளக்கூடும். டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்துகள் அப்படி ஒட்டிய இடத்தில் புண்ணையே உண்டாக்கிவிடும்.

பலரும் நினைப்பதுபோல், மருந்து உறிஞ்சப்படும் முக்கியமான இடம் இரைப்பை இல்லை. ஏறக்குறைய 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடல்தான் அந்த வேலையைச் செய்கிறது. அதன் உள்சுவர் முழுக்க, பள்ளிப் பாடத்தில் படித்த குடலுறிஞ்சிகள் விரல் விரலாக நீட்டிக்கொண்டு இருக்கும். இதனால் உறிஞ்சும் பரப்பு பல மடங்கு கூடுகிறது.

அப்படியென்றால், மாத்திரை எவ்வளவு சீக்கிரம் இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலுக்குள் போகிறது என்பது முக்கியமாகிறது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டால் அது வேகமாக இறங்கிவிடும். காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் அரை மணி நேரத்தில் வேலையைக் காட்டத் தொடங்குவது இப்படித்தான். வயிறு நிறைய பிரியாணியோ புரோட்டாவோ இருந்தால், எண்ணெயும் கொழுப்பும் சேர்ந்த அந்தச் சாப்பாடு இரைப்பையை விட்டு நகரவே மணிக்கணக்கில் ஆகும். மாத்திரையும் அதோடு சேர்ந்து காத்திருக்க வேண்டியதுதான்.

இந்தத் தாமதத்தால் பாராசிட்டமாலுக்குப் பெரிய நஷ்டம் இல்லை. கொஞ்சம் லேட்டாகக் கேட்கும், அவ்வளவுதான். ஆனால் ரிஃபாம்பிசின் போன்ற மருந்து அமிலத்தில் கிடக்கக் கிடக்கச் சிதையும். அதோடு ஐசோனியாசிட் என்ற இன்னொரு காசநோய் மருந்தும் சேர்ந்திருந்தால் அந்தச் சிதைவு இன்னும் வேகமாக நடக்கும். இரண்டும் ஒரே மாத்திரையில்தான் வருகின்றன.

கல்லீரல் என்ற சுங்கச்சாவடி

சிறுகுடலைத் தாண்டிய மருந்து நேராக இதயத்துக்குப் போவதில்லை. குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குள் போகும். வெளியிலிருந்து வரும் பொருள்களை உடைத்து வெளியேற்றும் வேலை கல்லீரலுடையது. அதனால் மருந்தின் ஒரு பகுதியை அங்கேயே பிடித்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடியைத் தாண்டாமல் போக முடியாது என்பது போலத்தான் இதுவும்.

சில மருந்துகளுக்கு இந்தச் சுங்கம் ரொம்பவே அதிகம். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லும் மாத்திரை இதற்கு நல்ல உதாரணம். அதை முழுங்கினால் பெரும்பகுதி கல்லீரலிலேயே போய்விடும், வேலை செய்யவும் நேரமாகும். நாக்கின் அடியில் உள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள் வழியாகப் போனால், கல்லீரலைச் சுற்றிக்கொண்டு சில நிமிடங்களில் இதயத்தை எட்டிவிடும். அதனால், டாக்டர் இந்த மாத்திரையைக் கொடுத்திருந்தால் அதைத் தண்ணீர் விட்டு முழுங்கக் கூடாது. நெஞ்சுவலி வந்தால் மாத்திரையோடு நிற்காமல் 108-க்கும் உடனே அழைக்க வேண்டும்.

சென்னை சொன்ன பாடம்: ஒரே அளவு, வேறு பலன்

மருந்து ரத்தத்தில் எந்த அளவுக்குச் சேர்கிறது என்ற கேள்விக்கு, உலகமே கவனித்த சில பதில்கள் தமிழ்நாட்டிலிருந்து போயிருக்கின்றன.

1956-ல் சென்னையில் காசநோய் மருந்து சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து இதை நடத்தின. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இதிலிருந்து வளர்ந்ததுதான். காசநோய் வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் வீட்டிலிருந்தபடியே குணமாகலாம் என்று 1959-ல் வெளியான சென்னை ஆய்வு காட்டியது. காசநோய் சிகிச்சை உலகம் முழுக்க ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து வீட்டுக்கு வந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

சிகிச்சை வீட்டுக்கு வந்தபோது இன்னொரு கேள்வியும் கூடவே வந்தது. மாத்திரையை ஒரு நாளைக்கு எத்தனை வேளை கொடுப்பது?

ஐசோனியாசிட் மருந்தை ஒரு பிரிவினருக்கு நாளைக்கு ஒரே வேளையாகக் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு அதே மொத்த அளவை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ரத்தத்தில் மருந்து எப்போதும் கொஞ்சம் இருந்துகொண்டே இருந்தால்தான் கிருமி ஒடுங்கும் என்று நினைத்தால், இரண்டு வேளை கொடுத்ததுதான் ஜெயித்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. ஒரே வேளையில் சாப்பிட்டவர்களுக்குப் பலன் கூடுதலாக இருந்தது. இந்த மருந்தில், ரத்தத்தில் ஒருமுறை எட்டும் உச்ச அளவுதான் முக்கியம் என்று தெரிந்தது.

இப்போது 2017 ஆய்வை மறுபடி பாருங்கள். சாப்பாடு குறைப்பது இதே உச்ச அளவைத்தான். ஐசோனியாசிட், பைராசினமைடு ஆகியவற்றின் உச்ச அளவும் சாப்பாட்டோடு போட்டபோது குறைந்திருந்தது. காசநோய் மாத்திரையை வெறும் வயிற்றில், ஒரே வேளையில் போடச் சொல்வதற்குப் பின்னால் இத்தனை வருஷத்து ஆராய்ச்சி இருக்கிறது. ‘மாத்திரை பெருசா இருக்கு, எண்ணிக்கையும் அதிகமா இருக்கு’ என்று காலையில் இரண்டு, ராத்திரியில் இரண்டு எனத் தாங்களாகவே பிரித்துக்கொள்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தியா முழுக்க 2017-லிருந்து காசநோய்க்குத் தினசரி மாத்திரை முறை நடைமுறையில் இருக்கிறது. முதல் 2 மாதங்களுக்குக் கொடுக்கும் ஒரே மாத்திரையில் ரிஃபாம்பிசின் 150 மி.கி., ஐசோனியாசிட் 75 மி.கி., பைராசினமைடு 400 மி.கி., எத்தாம்பியூட்டால் 275 மி.கி. என நான்கு மருந்துகள் உள்ளன. எத்தனை மாத்திரை என்பது நோயாளியின் எடையைப் பொறுத்தது. ஒருவருக்கு மூன்றும் இன்னொருவருக்கு நான்கும் கொடுக்கக் காரணம் இந்தக் கணக்குதான். பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துக் குறைத்துக்கொள்ளக் கூடாது.

ரத்தத்தில் மருந்து தொடர்ந்து குறைவாகவே இருந்தால் என்ன ஆகும்? கிருமி முழுதாகச் சாகாமல் மிஞ்சும். நோய் திரும்பி வரலாம். மிஞ்சிய கிருமி மருந்துக்குப் பழகிவிடும் ஆபத்தும் கூடும். பிறகு வரும் சிகிச்சை இதைவிடக் கடினமானது.

ஆளுக்கு ஆள் ஏன் மாறுகிறது?

சென்னை மையம் கவனித்த இன்னொரு விஷயம், எல்லாருடைய கல்லீரலும் ஒரே வேகத்தில் வேலை செய்வதில்லை என்பது. ஐசோனியாசிட்டைச் சிலருடைய உடம்பு வேகமாக உடைத்துத் தள்ளிவிடும். சிலருக்கு மெதுவாக. இது பிறப்பிலேயே அமைவது. அம்மா அப்பாவிடமிருந்து வருவது. தென்னிந்தியர்களில் ஏறக்குறைய பத்தில் ஆறு பேர் மெதுவாக உடைக்கும் வகையைச் சேர்ந்தவர்கள்.

வாரத்துக்கு ஒரு முறை மட்டும் மருந்து கொடுத்துப் பார்த்தபோது, வேகமாக உடைப்பவர்களுக்குப் பலன் குறைவாக இருந்தது. மெதுவாக உடைப்பவர்களுக்கு வேறு சிக்கல். மருந்து உடம்பில் நீண்ட நேரம் தங்குவதால், அதிக அளவு கொடுத்தபோது கை கால் மரத்துப்போதல், எரிச்சல் போன்ற நரம்புத் தொந்தரவுகள் அவர்களுக்குத்தான் அதிகம் வந்தன. இதைத் தடுக்கத்தான் காசநோய் மாத்திரையோடு பைரிடாக்சின் என்ற வைட்டமின் பி6 மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ‘அது வெறும் சத்து மாத்திரைதானே’ என்று ஒதுக்கிவிடக் கூடாது.

குடலின் நிலையும் முக்கியம். எச்ஐவி பாதித்தவர்களிடம் ரிஃபாம்பிசினும் ஐசோனியாசிட்டும் குறைவாகவே உறிஞ்சப்படுவதை இதே சென்னை மையத்தின் ஆய்வாளர்கள் 2004-ல் வெளியிட்டார்கள். வயிற்றுப்போக்கு இருந்தால் எந்த மாத்திரையும் சரியாகச் சேராமல் போகலாம். காசநோய் சிகிச்சையின்போது தொடர்ந்து வாந்தி, பேதி இருந்தால் அடுத்த முறை போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல் உடனே மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும்.

சிறுநீர் சிவப்பாகப் போகிறதே, பயப்பட வேண்டுமா?

காசநோய் மாத்திரையைத் தொடங்கிய முதல் நாளே பலரைப் பயமுறுத்துவது இதுதான். சிறுநீர் ஆரஞ்சு கலந்த சிவப்பாகப் போகும். வியர்வையும் கண்ணீரும்கூட நிறம் மாறலாம். ரத்தம் போகிறது என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு.

இது ரிஃபாம்பிசினின் சொந்த நிறம். மருந்து குடலைத் தாண்டி, ரத்தத்தில் சேர்ந்து, வேலையை முடித்து வெளியேறுகிறது என்பதற்கான அடையாளம். அதே நேரம், கண் மஞ்சளாக மாறினாலோ, சாப்பாடே பிடிக்காமல் வாந்தி தொடர்ந்தாலோ அது வேறு விஷயம். கல்லீரல் பாதிப்பாக இருக்கலாம் என்பதால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறதே?

நியாயமான கேள்வி. ரிஃபாம்பிசினைச் சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்போ, சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்தோ ஒரு டம்ளர் தண்ணீரோடு போடுவதுதான் பொதுவான விதி. குமட்டல் தாங்க முடியாதவர்களுக்கு லேசான ஆகாரத்தோடு போட டாக்டரே அனுமதிப்பதுண்டு. குமட்டலுக்குப் பயந்து மாத்திரையையே விட்டுவிடுவதைவிட, கொஞ்சம் குறைவாகச் சேர்ந்தாலும் தினமும் போடுவது மேல். ஆனால் அந்த முடிவை டாக்டர்தான் எடுக்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வயிற்று எரிச்சலுக்கு அலுமினியம் கலந்த ஜெல் மருந்தைக் கடையில் வாங்கி அதோடு சேர்த்துக் குடித்தால், எத்தாம்பியூட்டாலும் ஐசோனியாசிட்டும் ரத்தத்தில் சேர்வது குறையும். கடையில் வாங்கும் எந்த மருந்தையும் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சேர்ப்பதே நல்லது.

சூரை மீனும் காசநோய் மாத்திரையும்

கடற்கரை மாவட்டத்தில் இதைச் சொல்லாமல் விட முடியாது. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், இலங்கையில் 1970-களில் காசநோய் டாக்டர்கள் ஒரு விநோதமான பிரச்சினையைக் கண்டார்கள். ஐசோனியாசிட் சாப்பிட்டுவந்த நோயாளிகளில் சிலருக்குச் சூரை வகை மீனைச் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடத்தது. சிலருக்கு வாந்தியும் அரிப்பும் வந்தன. 1977-ல் இலங்கை மருத்துவர் உரகொட இதை ஆய்விதழில் பதிவு செய்தார்.

காரணம் இதுதான். சூரை போன்ற மீன்களை ஐஸ் இல்லாமல் வைத்திருந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். சமைத்தாலும் அது போகாது. சாதாரணமாக, நம் உடம்பில் உள்ள ஒரு நொதி அதை உடைத்துவிடும். அந்த நொதியின் வேலையை ஐசோனியாசிட் தடுத்துவிடுகிறது. விளைவு, உடைய வேண்டிய ஹிஸ்டமின் அப்படியே ரத்தத்தில் கலக்கிறது. சாப்பாடு மருந்தைத் தடுப்பதை இதுவரை பார்த்தோம். இங்கே மருந்து சாப்பாட்டை மாற்றிவிடுகிறது.

இதற்காக மீனையே விட வேண்டியதில்லை. காசநோய் சிகிச்சையில் இருக்கும்போது உடம்புக்குப் புரதம் அவசியம்; மீன் அதற்கு நல்ல வழி. சூரை, கானாங்கெளுத்தி போன்றவற்றைப் புதிதாகப் பிடித்தது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் சிகிச்சை முடியும்வரை தவிர்த்தால் போதும். மேலே சொன்ன அறிகுறிகள் வந்தால் மாத்திரையை நிறுத்தாமல், என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் சேர்த்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

டீ, பால், இரும்புச் சத்து மாத்திரை: எதை எதோடு போடக் கூடாது?

காசநோய் மருந்துக்கு மட்டும் உள்ள கதை இல்லை இது. வீட்டில் தினமும் புழங்கும் மருந்துகளிலும் இதே கணக்கு இருக்கிறது.

இரும்புச் சத்து மாத்திரை: கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் போலிக் அமிலமும் உள்ளன. டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலில் சேரவிடாது. கால்சியமும் இரும்போடு போட்டிபோடும். அதனால் இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாகப் போடக் கூடாது; குறைந்தது 2 மணி நேர இடைவெளி தேவை. எலுமிச்சை, நெல்லிக்காய் போன்ற வைட்டமின் சி உள்ளவை இரும்பு சேர உதவும்.

தைராய்டு மாத்திரை: காலையில் எழுந்ததும் தண்ணீரோடு போட்டுவிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை டீ, காபிகூடக் குடிக்கக் கூடாது. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி விட வேண்டும். ‘மாத்திரை போட்டும் டெஸ்ட்டில் குறையவே இல்லை’ என்று புலம்புகிற சிலருக்குக் காரணம் காலை டீயாக இருக்கலாம்.

டாக்ஸிசைக்ளின்: பால், கால்சியம், இரும்பு மாத்திரைகளோடு சேர்த்துப் போடக் கூடாது. அவற்றோடு ஒட்டிக்கொண்டு, உறிஞ்ச முடியாத பொருளாக மாறிவிடும்.

‘கேஸ் மாத்திரை’: ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் வகை. வயிறு எரிந்த பிறகு போடுவதைவிட, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போடுவதுதான் சரி. சாப்பிடும்போது அமிலச் சுரப்பு வேகமெடுக்கும். அந்த நேரத்தில் மருந்து ரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும்.

அப்படியானால் எல்லாவற்றையும் வெறும் வயிற்றிலேயே போட்டுவிடலாமா? கூடாது. வலி மாத்திரைகளான டைக்ளோஃபினாக், இபுபுரூஃபென் ஆகியவை வெறும் வயிற்றைப் புண்ணாக்கும். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் சாப்பாட்டோடு போனால் குமட்டலும் பேதியும் குறையும். படர்தாமரைக்குக் கொடுக்கும் கிரிசியோஃபல்வின் கொழுப்புள்ள சாப்பாட்டோடு போட்டால்தான் நன்றாகச் சேரும். சர்க்கரை மாத்திரைகளில் கிளிமிபிரைடு வகையைக் காலை ஆறு மணிக்குப் போட்டுவிட்டுப் பத்து மணிக்குச் சாப்பிட்டால், நடுவில் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். கொளுத்தும் வெயிலில் வயலில் நிற்கும்போது இது ஆபத்து.

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. மாத்திரை தரும் பணியாளரிடம் உங்கள் சாப்பாட்டு நேரத்தைச் சொல்லி, ‘நான் பத்து மணிக்குத்தான் சாப்பிடுவேன், இதை எப்போது போடுவது’ என்று கேட்டுக்கொள்வது நல்லது.

நோன்பு நேரத்தில் என்ன செய்வது?

ஆர்.எஸ்.மங்கலம், தொண்டி, தேவிபட்டினம் பகுதிகளில் ரமலான் மாதம் வந்தால் பல வீடுகளில் மாத்திரை நேரமே தலைகீழாகிவிடும். காலை வேளை சஹருக்கும், இரவு வேளை நோன்பு திறந்த பிறகும் போகிறது. அம்லோடிபின் போன்றவற்றுக்கு இது பெரிய சிக்கல் இல்லை. சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரைகளும் இன்சுலினும் அப்படி இல்லை. பகல் முழுக்கச் சாப்பாடு இல்லாத நாளில் வழக்கமான அளவைச் சஹரில் போட்டால் சர்க்கரை அபாயகரமாக இறங்கலாம். அளவையும் நேரத்தையும் மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், ரமலான் தொடங்கும் முன்பே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். நோயாளிகளுக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு என்பதை மார்க்கமே சொல்கிறது.

காசநோய் மாத்திரை நாளைக்கு ஒரே வேளை என்பதால் நோன்பு வைக்கிறவர்கள் நேரத்தை அமைத்துக்கொள்ள வழி இருக்கிறது. சஹருக்கு முன்பா, நோன்பு திறந்து 2 மணி நேரம் கழித்தா என்பதைச் சிகிச்சை தரும் டாக்டரிடம் பேசி முடிவு செய்யலாம். ஒரு நாளும் விடுபடக் கூடாது என்பதுதான் முக்கியம்.

‘ஊசி போட்டால்தான் கேட்கும்’ உண்மையா?

நரம்பில் போடும் ஊசிக்குக் குடலும் இல்லை, கல்லீரல் சுங்கமும் இல்லை. அதனால் உடனே வேலை செய்யும். உயிருக்கு ஆபத்தான நேரத்திலும், வாந்தியால் எதுவும் உள்ளே தங்காதபோதும் இது அவசியம். இன்சுலின் ஒரு புரதம் என்பதால் முழுங்கினால் சாப்பாட்டைப் போலவே செரித்துவிடும். அதனால் ஊசியாகப் போடுகிறார்கள். ஆனால் சாதாரணக் காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும், நன்றாக உறிஞ்சப்படும் மாத்திரை இருக்கும்போது ஊசி கேட்டு வாங்குவதில் லாபம் இல்லை. ஊசி போட்ட இடத்தில் வலி, சீழ் போன்ற தொல்லைகள்தான் கூடும்.

மாத்திரையை உடைக்கலாமா, பொடிக்கலாமா?

வயதானவர்களுக்கு முழுங்க முடியவில்லை என்று அம்மியில் பொடித்துக் கொடுக்கும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. மாத்திரைப் பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், ஈஆர், எக்ஸ்எல் போன்ற எழுத்துகள் இருந்தால் அது மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விடும்படி செய்யப்பட்டது. பொடித்தால் முழு நாளுக்கான மருந்தும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கிவிடும். சில மாத்திரைகளுக்கு, இரைப்பை அமிலத்தில் கரையாமல் சிறுகுடலில் போய்க் கரைவதற்காகவே மேல் பூச்சு போட்டிருப்பார்கள். உடைத்தால் பூச்சு போச்சு. முழுங்க முடியாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். பல மருந்துகள் திரவமாகவோ, தண்ணீரில் கரையும் மாத்திரையாகவோ கிடைக்கின்றன.

மாத்திரை வாங்கும்போது கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. இதை வெறும் வயிற்றில் போட வேண்டுமா, சாப்பாட்டோடா, சாப்பிட்ட பிறகா? எவ்வளவு நேரம் முன்னாடி, எவ்வளவு நேரம் கழித்து?

2. டீ, பால் குடித்த கையோடு போடலாமா?

3. ஏற்கெனவே போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரைகளோடு சேர்த்துப் போடலாமா? (பழைய அட்டைகளைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுவது நல்லது.)

4. உடைக்கலாமா? பொடிக்கலாமா?

5. ஒரு வேளை மறந்துவிட்டால் என்ன செய்வது? மாத்திரை போட்ட உடனே வாந்தி வந்தால் திரும்பப் போட வேண்டுமா?

கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. சீட்டில் ‘1-0-1’ என்று மட்டும் இருந்தால், பக்கத்தில் நேரத்தை எழுதித் தரும்படி மருந்தாளுநரிடம் கேட்கலாம். தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண்ணிலும், காசநோய் தொடர்பாக 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணிலும் சந்தேகங்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

(இந்தக் கட்டுரை பொதுவான புரிதலுக்கானது. டாக்டரிடம் கேட்காமல் எந்த மருந்தையும் நிறுத்தவோ, அளவையும் நேரத்தையும் மாற்றவோ வேண்டாம்.)